மரியாளை வணங்குவது கிறிஸ்துவை மறைக்கிறதா?

கேள்வியைக் கேட்டிருப்பவர் அம்பாறை மாவட்டத்தின் சொறிக்கல்முனையிலிருந்து வந்து மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெறும் மாணவி. செப்டெம்பர் மாதம் ஆயித்தியமலை மாதாவின் திருவிழாவுக்கு நடந்தே போய் வந்த அவரிடம், வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த அறைத்தோழி சில கேள்விகளை வைத்திருக்கிறார். மரியாள் கடவுளின் தாய் என்றால் கடவுளுக்குத் தொடக்கம் உண்டா? கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே என்று வேதாகமம் சொல்லும்போது மாதாவிடம் ஏன் மன்றாட வேண்டும்? இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்தார்களே, பிறகு அவர் எப்படி என்றும் கன்னி? கடைசியாக, கடவுளுக்குச் சேரவேண்டியதை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு. "எனக்குப் பதில் வரவில்லை. திருச்சபை உண்மையில் என்னதான் சொல்கிறது?" என்று அந்த மாணவி எழுதியிருக்கிறார்.

உங்கள் தோழியின் கேள்விகளைக் குதர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றுள் முதலாவதை ஏறக்குறைய அதே வடிவில் 5ஆம் நூற்றாண்டில் கேட்டவர் கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயராகவே இருந்தார். அதற்குப் பதில் காண ஆயர்களின் பொதுச்சங்கம் ஒன்றே கூடியது. ஆனால் சங்கங்களுக்குப் போவதற்கு முன், நீங்கள் நடந்து சென்று கும்பிட்ட அந்த மாதாவின் "சதா சகாய மாதா" என்ற பெயர் எந்தப் படத்திலிருந்து வந்ததோ அந்தப் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கலாம். நாற்பது ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு முன் அதைத் தூக்கிப் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்மில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறோம், படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சதா சகாய மாதா படம் கீழைத் திருச்சபை மரபில் வரையப்பட்டது. கிரேத்தா தீவிலிருந்து உரோமைக்கு வந்ததாக மரபு கூறுகிறது. 1866ஆம் ஆண்டு முதல் அது உரோமையில் இரட்சகர் சபைத் துறவிகளின் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. படத்தின் மேற்பகுதியில் இரண்டு தேவதூதர்கள். ஒருவர் மிக்கேல், அவர் கையில் ஈட்டியும் கடற்பஞ்சு செருகிய கோலும் இருக்கின்றன. மற்றவர் கபிரியேல், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன அதே தூதர் இங்கே சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். குழந்தை அந்தச் சிலுவைப் பக்கம் தலையைத் திருப்பியபடி, இரண்டு கைகளாலும் தாயின் வலக்கையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு காலில் செருப்பின் வார் அவிழ்ந்து, செருப்பு கழன்று தொங்குகிறது. பயந்துபோய்த் தாயின் மடிக்கு ஓடிவந்து ஏறிய பிள்ளைக்குத்தான் செருப்பு அப்படிக் கழலும். மாதாவின் தலைக்கு இருபுறமும் எழுதப்பட்டிருக்கும் கிரேக்க எழுத்துகள் "இறைவனின் தாய்" என்பதன் சுருக்கம்.

செருப்புக் கழன்ற அந்தக் குழந்தையைத்தான் நாம் கடவுள் என்று அறிக்கையிடுகிறோம். பாதமும், அந்தப் பாதத்துக்கு ஒரு செருப்பும், பயமும், பற்றிக்கொள்ள ஒரு கையும் தேவைப்படுகிற கடவுள். மரியாளைப் பற்றித் திருச்சபை சொல்வதெல்லாம் இந்த ஒன்றைக் காப்பதற்காகவே சொல்லப்பட்டது என்பது என் பதிலின் முழுச் சாரம். மற்றவை அதற்கான விளக்கங்கள். அவரை விட்டுவிட்டால் போகப்போவது ஒரு பெண்ணின் பெருமை மட்டுமில்லை, கிறிஸ்துவின் உடலும் சேர்ந்தே போய்விடும். வரலாற்றில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்தவர்களைப் போலவே அவருடைய மனிதத்தன்மையை மறுத்தவர்களும் தொல்லை கொடுத்தார்கள். உடல் இழிவானது, கடவுள் அதைத் தொடமாட்டார், ஆகவே கிறிஸ்துவுக்கு இருந்தது உடலின் தோற்றமே என்பது அவர்களுடைய வாதம். வலந்தீனியர் என்ற குழுவினர், குழாய் வழியாகத் தண்ணீர் ஓடுவதுபோலக் கிறிஸ்து மரியாள் வழியாகக் கடந்து வந்தார் என்று சொன்னதாக 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆயர் இரனேயு குறிப்பிடுகிறார். குழாயில் ஓடும் தண்ணீர் குழாயிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதே அந்த உவமையின் கூர். மார்சியோன் இன்னும் துணிந்தவர். 144ஆம் ஆண்டளவில் உரோமைச் சபையிலிருந்து விலக்கப்பட்ட அவர், தமக்கென அமைத்துக்கொண்ட நற்செய்தியில் லூக்கா எழுதிய பிறப்பு வரலாற்றை முழுவதுமாக நீக்கிவிட்டார். தீபேரியு சீசரின் 15ஆம் ஆட்சியாண்டில் வளர்ந்த ஆளாகத் திடீரென வந்து இறங்கும் ஒரு கிறிஸ்துவே அவருக்குப் போதுமாக இருந்தது. தொட்டிலும் தாயும் போனதும், சிலுவையில் தொங்கியதும் தசைதானா என்ற சந்தேகம் தானாகவே வந்து சேர்ந்தது.

இவர்களுக்கு எதிராகத் திருச்சபை எடுத்த ஆயுதம் மரியாளின் பெயர். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமையில் கொல்லப்படுவதற்காகக் காவலர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், வழியில் எழுதிய கடிதங்களில் "மெய்யாகவே" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்: மரியாளிடமிருந்து மெய்யாகவே பிறந்தார், உண்டார், குடித்தார், மெய்யாகவே சிலுவையில் அறையப்பட்டார். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் விசுவாச அறிக்கையில் இயேசுவைத் தவிர வேறு இரண்டு மனிதரின் பெயர்களே வருகின்றன. ஒன்று அவருக்கு உடலைக் கொடுத்த பெண்ணின் பெயர்; மற்றது அந்த உடலைக் கொல்லத் தீர்ப்பிட்ட ஆளுநரின் பெயர். "கன்னி மரியாளிடம் உடலெடுத்து மனிதரானார்" என்ற இடத்தில் நாம் தலைவணங்குகிறோம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிலும் மார்ச் 25ஆம் நாளிலும் அதே வார்த்தைகளுக்கு முழந்தாளிடுகிறோம். அந்த வணக்கம் அங்கே மனிதரான கடவுளுக்கு உரியது.

இனி உங்கள் தோழியின் முதற்கேள்வி. 428இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயரான நெஸ்தோரியு, மக்கள் செபங்களில் வழங்கிவந்த "இறைவனின் தாய்" என்ற பட்டத்தைக் கேட்டுச் சங்கடப்பட்டார். கடவுளுக்குத் தாய் இருக்க முடியுமா, "கிறிஸ்துவின் தாய்" என்று சொன்னால் போதாதா என்பது அவர் யோசனை. அவருடைய நோக்கம் கெட்டதென்று நான் சொல்லமாட்டேன். கடவுளின் மாட்சியைக் காக்க நினைத்தார். ஆனால் அலெக்சாந்திரியா ஆயர் சிரில் அதன் விளைவைக் கண்டுகொண்டார். ஒரு தாய் பெறுவது ஓர் இயல்பை இல்லை, ஓர் ஆளை. பிள்ளையின் ஆன்மாவைப் படைப்பவர் கடவுள், தாயல்லர். ஆனாலும் எந்தத் தாயையும் பார்த்து "நீ உன் மகனின் உடலுக்கு மட்டும் தாய்" என்று யாரும் சொல்வதில்லை. அவள் பெற்றவனுக்கு அவள் தாய், அவ்வளவுதான். மரியாள் பெற்றது யாரை? அவர் மகனாகிய கடவுள் என்றால் அவள் கடவுளின் தாய். அவள் பெற்றது கடவுள் பின்னர் வந்து தங்கிய ஒரு மனிதனை என்றால், சிலுவையில் இறந்தவனும் ஒரு மனிதன் மட்டுமே. அந்த மரணம் நம்மை மீட்காது. பட்டம் மாதாவுக்கு, ஆனால் வழக்கு முழுவதும் மகனைப் பற்றியது.

431ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் எபேசு நகரில் கூடிய சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. அன்றிரவு மக்கள் தீப்பந்தங்களுடன் ஆயர்களை அவர்கள் தங்கியிருந்த இடங்கள் வரை அழைத்துச் சென்றதாகச் சிரிலே எழுதியிருக்கிறார். (அந்தச் சங்கத்தின் கதை முழுவதும் இவ்வளவு அழகானதில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேர்வதற்கு முன்பே சிரில் அவசரமாகச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். இருதரப்பும் ஒருவரையொருவர் விலக்கி, 433இல்தான் சமாதானம் ஆயிற்று.) 451இல் கல்செதோன் சங்கம் இன்னும் துல்லியமாகப் பேசியது: அதே மகன் இறைத்தன்மையின்படி காலங்களுக்கு முன்பே தந்தையிடமிருந்து பிறந்தவர், மனிதத்தன்மையின்படி இறுதி நாள்களில் இறைவனின் தாயாகிய கன்னி மரியாளிடமிருந்து பிறந்தவர். உங்கள் தோழிக்கான பதில் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கடவுளுக்குத் தொடக்கம் இல்லை. ஆனால் கடவுள் மனிதராக வாழ்ந்த வாழ்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு. அது நாசரேத்தூர்ப் பெண் ஒருத்தியின் வயிற்றில்.

வயிறு என்றதும், மட்டக்களப்பாருக்கு மற்றவர்களைவிட இது எளிதாக விளங்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நம் பக்கத்தில் ஒருவரை "என்ன குடி?" என்று கேட்டால் அவர் தாயின் குடியைச் சொல்கிறார். ஒரே தாய்வழியில் வந்தவர்களை வயிற்றுவார் என்று சொல்லும் வழக்கமும் இங்கே உண்டு. குடிவழி எண்ணும் வழக்கம் நம் முஸ்லிம் அயலவர்களிடமும் இருக்கிறது. ஒருவன் எந்த மக்களைச் சேர்ந்தவன் என்பதை அவன் தாயின் வயிறு தீர்மானிக்கிறது என்பதை வாதமாகக் கேட்காமல், வாழ்க்கையாகவே கண்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தக் காதோடு மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை தகப்பனுக்கு மகன், தகப்பனுக்கு மகன் என்று தொடர்ந்துவரும் வரிசை, கடைசிப் படியில் சட்டென்று உடைகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று மத்தேயு எழுதவில்லை. மரியாளின் கணவர் யோசேப்பு, அந்த மரியாளிடம் பிறந்தவரே கிறிஸ்து என்று எழுதுகிறார். பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது, காலம் நிறைவேறியபோது கடவுள் தம் மகனைப் "பெண்ணிடம் பிறந்தவராக" அனுப்பினார் என்கிறார். இயேசு மனித இனத்தின் குடியில் சேர்ந்தது ஒரு பெண்ணின் வழியாக மட்டுமே.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நம் திருவிவிலியம் தரும் தமிழ், "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்பது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது கூடாரமடித்துத் தங்குவதைக் குறிக்கும் சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் "குடிகொண்டார்" என்று எழுதியபோது மட்டக்களப்பின் குடிகளை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்தச் சொல் இங்கே இன்னொரு ஆழத்தில் ஒலிக்கிறது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். "மனிதர் ஆனார்" என்ற இடத்தில் கிரேக்கம் சொல்வது தசை என்று. உங்கள் தோழி வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு "மாம்சமாகி" என்று எழுதுகிறது. அந்தக் கரடுமுரடான சொல்லே இந்த இடத்தில் எனக்குப் பிடிக்கும். மகப்பேற்று விடுதியில் நச்சுக்கொடியைக் கையில் எடுத்துப் பார்த்த உங்களுக்கு, ஒரு பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்து எதையெல்லாம் எடுத்து வளர்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வலந்தீனியர் குழாய் என்று சொன்ன இடத்தில் நச்சுக்கொடி இருந்தது.

குடி உவமையை இதற்கு மேல் நீட்டக்கூடாது. இயேசு தாவீதின் மகன் என்பது யோசேப்பின் சட்டபூர்வமான தந்தைமையால் வருகிறது; யூத வழக்கத்தில் குலம் தகப்பன் வழியே எண்ணப்பட்டது.

நடுவர் பற்றிய கேள்விக்கு வருவோம். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் 2ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். உங்கள் தோழி சொன்னது சரி. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே என்று அது சொல்கிறது, கத்தோலிக்கத் திருச்சபையும் அதை அப்படியே நம்புகிறது. ஆனால் வசனத்தை இறுதிவரை வாசிக்க வேண்டும். அந்த நடுவர் யார்? "மனிதராகிய கிறிஸ்து இயேசு." அவர் நம்மைக் கடவுளோடு இணைக்க முடிவது அவர் மனிதராக இருப்பதால்தான் என்று பவுல் குறிப்பாகச் சொல்கிறார். அந்த மனிதத்தன்மை அவருக்கு எங்கிருந்து வந்தது? மரியாளுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் வசனத்தின் உள்ளேயே மரியாள் பெயர் சொல்லாமல் நிற்கிறார். அதற்கு முந்திய வசனங்களில் பவுல் எல்லா மனிதருக்காகவும் பரிந்து மன்றாடும்படி கேட்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. உங்கள் தோழிக்குச் சோதனை வரும்போது, அவர் தம் சபையின் போதகரிடம் "எனக்காகச் செபியுங்கள்" என்று கேட்பார் அல்லவா? போதகர் கிறிஸ்துவின் இடத்தைப் பறித்துக்கொண்டார் என்று யாரும் நினைப்பதில்லை. மாதாவிடம் நாம் கேட்பதும் அதுதான்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." செபமாலையில் ஒவ்வொரு "அருள்நிறைந்த மரியே"யிலும் சொல்வது இதுவே, "எங்களை மீட்டருளும்" என்று அங்கே இல்லை. மரியாளை "இணை மீட்பர்" என்று அழைக்க வேண்டும் என்று சிலர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தார்கள். 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட கோட்பாட்டுக் குறிப்பு அந்தப் பட்டம் பொருத்தமற்றது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

சகோதரர்கள் பற்றிய கேள்வியைத் தமிழர் கேட்பது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. சின்னம்மாவின் மகனை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள்? தம்பி. பெரியப்பாவின் மகன்? அண்ணன். மாமன் மகன்தான் மச்சான். எபிரேய, அரமேய வழக்கும் நெருங்கிய உறவினரைச் சகோதரர் என்றே சொல்லும். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சகோதரராகக் குறிப்பிடப்படும் யாக்கோபு, யோசே என்ற இரு பெயர்களும் 15ஆம் அதிகாரத்தில், சிலுவையைத் தொலைவில் நின்று பார்த்த வேறொரு மரியாளின் பிள்ளைகளாக மீண்டும் வருகின்றன. சிலுவையடியில் இயேசு தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார். வேறு ஆண்மக்கள் வீட்டில் இருந்திருந்தால் அது அவர்களுக்கு அவமானமாக இருந்திருக்கும். இவை நிரூபணமாகும் என்று நான் சொல்லவில்லை. அந்த வசனம் கன்னிமையை மறுக்கவில்லை என்பதற்கு இவை போதும்.

கடைசிக் குற்றச்சாட்டே எல்லாவற்றிலும் கனமானது. தமிழில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆசிரியருக்கு வணக்கம் சொல்கிறோம், கடவுளை வணங்குகிறோம் என்றும் சொல்கிறோம்; ஒரே வேர்ச்சொல் இரண்டையும் தாங்குகிறது. திருச்சபை 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கத்தில் இரண்டையும் பிரித்து வைத்தது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கும் திருச்சொரூபங்களுக்கும் தருவது மரியாதை வணக்கம். மாதாவுக்குத் தருவது அந்த மரியாதையின் மிக உயர்ந்த படி, ஆனால் அதே ஏணியின் படி. சொல்லால் மட்டும் பிரித்தால் மக்களுக்குப் புரியாது என்பதால் செயலில் ஓர் அடையாளம் சொல்கிறேன். பலி என்பது கடவுளுக்கு மட்டுமே உரியது. புளியந்தீவில் புனித மரியாள் பேராலயத்தில் நிறைவேற்றப்படும் பூசையும் ஆயித்தியமலைத் திருவிழாப் பூசையும் தந்தையாகிய கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. மரியாளுக்கென்று ஒரு திருப்பலி உலகில் எந்தக் கத்தோலிக்கப் பீடத்திலும் நிறைவேற்றப்படுவதில்லை. 4ஆம் நூற்றாண்டில் சில பெண்கள் மரியாளுக்கு அப்பப் படையல் வைத்ததைக் கேள்விப்பட்ட ஆயர் எப்பிபானியு கடுமையாகக் கண்டித்தார்: மரியாள் மதிக்கப்படட்டும், தந்தையும் மகனும் தூய ஆவியாரும் ஆராதிக்கப்படட்டும்.

எப்பிபானியுவின் கவலை நமக்குத் தொலைவானதில்லை. வைகாசியில் நம் ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடந்து, அம்மனின் சினம் தணிக்கும் குளிர்த்தி பாடி நிறைவேறும் நாள்கள், நமக்கு மாதாவின் வணக்க மாதமாகிய மே மாதத்தை ஒட்டியே வருகின்றன. படுவான்கரையின் இந்துக் குடும்பங்கள் ஆயித்தியமலைக்கு வந்து மெழுகுதிரி ஏற்றிப் பிள்ளை வரம் கேட்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் வருவதைப் பற்றி எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நாம் குழம்பிவிடக்கூடாது. கண்ணகை தெய்வம், அவள் சினம் தணிக்கப்பட வேண்டியது. மரியாள் தெய்வம் இல்லை. கடவுளால் மீட்கப்பட்ட ஒரு பெண். அவர் தம்மை அடிமை என்று சொல்லிக்கொண்டார், "என் மீட்பராம் கடவுள்" என்று பாடினார். மரியாளுக்கும் மாரியம்மனுக்கும் பெயரில் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது. முன்னது மிரியாம் என்ற எபிரேயப் பெயர், பின்னதில் மழை இருக்கிறது.

காத்தான்குடிப் பக்கத்துத் தோழிகள் உங்கள் விடுதியில் இருந்தால் இன்னொரு விடயமும் தெளிவாகும். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயர் மர்யம். அந்நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். ஈஸா கன்னியிடம் பிறந்தார் என்பதை முஸ்லிம்கள் முழுமனதோடு ஏற்கிறார்கள். அவர் இறைமகன் என்பதை அதே உறுதியோடு மறுக்கிறார்கள். ஆக, கன்னிப் பிறப்பை நம்புவதும் கடவுள் மனிதரானதை நம்புவதும் ஒன்றாகிவிடாது. முன்னது அடையாளம், பின்னது அது சுட்டும் பொருள். நம்மவர்கள் பலர் அடையாளத்தின் அற்புதத்தில் நின்றுவிடுகிறார்கள். பழைய ஞானோபதேசங்களில் "மனுஷாவதாரம்" என்ற சொல் வழங்கியது. அது நம் அயலவரின் அவதாரக் கருத்தை நினைவூட்டுவதால் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். மகனாகிய கடவுள் ஒருமுறை எடுத்த மனித உடலைத் திரும்பக் களைந்துவிடவில்லை. காயத்தழும்புகளோடு உயிர்த்தார், அந்த உடலோடு விண்ணேறினார். மரியாள் கொடுத்தது இன்றும் அவரிடம் இருக்கிறது.

அமலோற்பவம் (1854), விண்ணேற்பு (1950) என்ற இரண்டு கோட்பாடுகளையும் உங்கள் தோழி கேட்கவில்லை. கேட்டால் சுருக்கமாக இரண்டு திருத்தங்கள். அமலோற்பவம் என்பது இயேசுவின் கன்னிப் பிறப்பு இல்லை. மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவான கணத்திலேயே, தம் மகனின் பேறுபலன்களை முன்னிட்டுப் பாவக்கறையிலிருந்து காக்கப்பட்டார் என்பது. மற்றதற்குத் தமிழே விளக்கம் தருகிறது: இயேசுவுக்கு விண்ணேற்றம், மாதாவுக்கு விண்ணேற்பு. ஒருவர் ஏறினார், மற்றவர் ஏற்கப்பட்டார்.

உங்கள் தோழியின் குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்று சொன்னால் நான் நேர்மையற்றவன். மகன் கோபத்தோடு தண்டிக்கக் கையை ஓங்குகிறார், தாய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறாள் என்று பிரசங்கம் செய்யப்பட்டதை நானே சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அது குளிர்த்திப் பாடலை இடம் மாற்றி வைப்பது. இரக்கத்தைக் கடவுளிடமிருந்து எடுத்து மாதாவிடம் கொடுத்து, அவரிடம் கண்டிப்பை மட்டும் மிச்சம் வைப்பது. சொரூபம் வெளியே வரும்போது முண்டியடித்துவிட்டு, நற்கருணை எழுந்தேற்றத்தின்போது வளவில் நின்று கச்சான் கொறிப்பவர்களையும் ஒவ்வொரு ஆண்டும் காண்கிறேன். அவர்கள் மரியாளை அதிகமாக நேசிக்கிறார்கள் என்பது என் முறைப்பாடு இல்லை. மரியாள் தம் கையால் சுட்டிக்காட்டுவதை அவர்கள் பார்க்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாளுக்குத் தனி ஏடு எழுதுவதா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள் அவரை வைப்பதா என்று 1963 அக்டோபர் 29இல் வாக்கெடுத்தபோது, 1114க்கு 1074 என்ற மிகச் சிறிய வேறுபாட்டில் இரண்டாவது வழியே வென்றது. அதனால்தான் அந்த ஏட்டின் 8ஆம் அதிகாரம் அவரைக் கிறிஸ்துவோடும் நம்மோடும் சேர்த்தே பேசுகிறது. அந்த நாற்பது வாக்குகளுக்கு நான் நன்றியுள்ளவன்.

என் அம்மம்மா நண்பகல் மணி ஒலித்தால் கையிலிருந்த உலக்கையைச் சாத்திவிட்டு நிற்பார். மூவேளை செபத்தில் அவர் சொன்னது மாதாவுக்கான துதி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பின்னரே கவனித்தேன்: அதன் மூன்று படிகளில் முதலாவது தூதர் சொன்னது, இரண்டாவது மரியாள் "ஆம்" என்றது, மூன்றாவது "வாக்கு மனிதர் ஆனார்" என்பது. அரிசி குத்திக்கொண்டிருந்த ஒரு பெண் நாள்தோறும் மூன்று தடவை கல்செதோன் சங்கத்தை நினைவுகூர்ந்திருக்கிறார், அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே.

உங்கள் தோழியிடம் செபமாலையைக் கொடுக்கவேண்டாம். அவருடைய வேதாகமத்திலேயே லூக்கா முதல் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். "அருள்நிறைந்த மரியே" செபத்தின் முற்பாதி அங்கே, கபிரியேலின் வாயிலும் எலிசபெத்தின் வாயிலும் இருக்கிறது. தூதர் போனபின் மரியாள் விரைந்து மலைநாட்டுக்குப் போகிறார்; அவர் வாழ்த்தைக் கேட்ட எலிசபெத்து "என் ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார்?" என்று கேட்கிறார். எலிசபெத்து ஆண்டவர் என்று அழைத்த அந்தக் கரு அப்போது எத்தனை வாரத்தது, என்ன அளவு இருந்திருக்கும் என்பதைத் தாதியர் பயிற்சியில் இருக்கும் நீங்கள் இருவரும் என்னைவிடச் சரியாகக் கணித்துக்கொள்வீர்கள்.